சொட்டாத ஒழுகல்



ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரி வரை வருகிறது. நாட்டிலேயே நீளமான சாலை அது; 3,700 கிலோமீட்டருக்கும் மேல். நாமக்கல் அந்தச் சாலையின் மேலேயே இருக்கிறது. அங்கே பாடி கட்டிய லாரிகளும், அங்கிருந்து இயங்கும் எரிவாயு டேங்கர்களும், முட்டை ஏற்றிய வண்டிகளும் நாட்டின் நாலு மூலைக்கும் போகின்றன. பக்கத்திலேயே சங்ககிரி, லாரிக்காரர்களின் ஊர். கொஞ்சம் தள்ளி திருச்செங்கோடு; அந்த ஊர் ரிக் வண்டிகள் வெளிமாநிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும்.

இத்தனை தூரம் போகிற வண்டி வழியில் நிற்பதற்குக் காரணங்கள் பல. டயர் வெடித்தால் சத்தம் சொல்லிவிடும். கிளட்ச் தேய்ந்தால் நாற்றம் சொல்லிவிடும். டீசல் வருகிற வழியில் ஒரு கோளாறு என்றால் மட்டும் எதுவும் சொல்லாது. பேட்டரி நன்றாக இருக்கிறது, என்ஜின் சுற்றுகிறது, டேங்கில் பாதிக்கு மேல் டீசல் நிற்கிறது, ஆனாலும் வண்டி பிடிக்காது. அல்லது பிடித்து, சமதளத்தில் ஒழுங்காக ஓடி, முதல் மேட்டில் இழுவை இல்லாமல் நின்றுவிடும். டிரைவர்களை அதிகம் அலையவிடுவதும், முதலாளிகளின் பணத்தை அதிகம் வீணாக்குவதும் இந்த ஒரு கோளாறுதான். அதைப் பற்றியும், ஊரைவிட்டுத் தூரமாக நிற்கும்போது அதே கோளாறு எப்படி வேறு உருவம் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பற்றியும்தான் இன்றைய பேச்சு.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது காற்று பதினைந்து, பதினெட்டில் ஒரு பங்காக நசுங்கி, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நசுங்கிக் கிடக்கும் காற்றுக்குள் ஒரு திரவத்தைத் தள்ளுவது எப்படி? ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் என்ஜினை ஓட்டிக்காட்டியபோது, இன்னும் அதிக அழுத்தத்தில் இருந்த காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதித்தான் உள்ளே அனுப்பினார். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது சரிப்பட்டது. லாரிக்கு அந்தப் பாரம் தாங்காது. 1913-இல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகிற கப்பலில் இரவோடு இரவாகக் காணாமல் போனார் டீசல். தன் பெயர் தாங்கிய என்ஜின் லாரிகளை இழுப்பதை அவர் பார்க்கவில்லை. ராபர்ட் பாஷின் நிறுவனம் 1922-இல் வேலையைத் தொடங்கி 1927-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்ஜெக்‌ஷன் பம்ப்தான் டீசலைச் சாலைக்கு இறக்கியது. அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியை நம் பட்டறைகள் மைக்கோ என்று அறியும். 2008-இல் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. பழைய மெக்கானிக்குகள் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பம்ப் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு சிலிண்டர் லாரி நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகவேண்டும். அதாவது ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 750 தூவல்; ஆறுக்கும் சேர்த்து விநாடிக்கு 75. ஒவ்வொன்றும் சில மில்லிவிநாடிக்குள் முடியவேண்டும். டீசலைத் தூவும் பழைய வகை நாசில் திறப்பதற்கே வளிமண்டலத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தம் வேண்டும். அதைக் கொடுக்கும் பிளஞ்சருக்கும் அது நுழையும் பேரலுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. இந்த இடைவெளியில் வேறு மசகு கிடையாது, டீசலே மசகு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

சாலையோரத்தில் அதிகம் கேட்கிற சொல், “ஏர் பிடிச்சிருச்சு” என்பது. திரவத்தை நசுக்கினால் அது விட்டுக்கொடுக்காது. அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒரு காற்றுக் குமிழ் இருந்தால் பிளஞ்சரின் முழு வீச்சும் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். நாசில் திறக்கவே திறக்காது. ஆகவே டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி பட்டினி கிடக்கும். டீசல் தீர்ந்துபோய் நின்ற வண்டியில் திரும்ப டீசல் ஊற்றியதும் அது ஓடாததற்குக் காரணம் இதுதான்.

ஏர் எடுக்கும் முறையைப் பழைய டாடாவிலோ லேலண்டிலோ ஓடிய எந்தக் கிளீனரும் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஃபில்டர் தலையிலுள்ள திருகை இரண்டு மூன்று மரை தளர்த்தவேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் மேலுள்ள கைப்பிடியை அடிக்கவேண்டும். முதலில் நுரை வரும், அப்புறம் நுரையும் டீசலுமாக வரும், கடைசியில் சுத்தமான டீசல் வரும். அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்கவேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போகும். அடுத்தது இன்ஜெக்‌ஷன் பம்பின் பக்கவாட்டுத் திருகு. கடைசியாக நாசில் பக்கமுள்ள பைப் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் ஒவ்வொன்றாக இறுக்கவேண்டும். இரண்டு ஸ்பேனரும் ஒரு துணியும் போதும். கைப்பிடியை அடிக்க ஒரு ஆள் கூட இருந்தால் நல்லது. இதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை.

ஏர் எடுத்ததும் வண்டி ஓடுகிறது. இருபது கிலோமீட்டர் தாண்டி மறுபடி நிற்கிறது. திரும்ப ஏர் எடுக்கிறார்கள். திரும்ப நிற்கிறது. கோளாறு காற்று அல்ல, காற்று வருகிற வழி என்பது இங்கேதான் தவறிப்போகிறது.

டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கும் குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பார்த்தவருக்குத் தெரியும்: இளநீர் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே வரும். இந்தப் பகுதியில் ஒரு வாஷர் கெட்டாலோ, ரப்பர் ஹோஸில் மயிரிழை விரிசல் விழுந்தாலோ, கீழே ஒரு சொட்டு டீசல்கூட விழாது. டார்ச் அடித்துத் தேடினாலும் ஈரம் இருக்காது. ஒழுகுகிற இடத்தைத் தேடும் கண்ணுக்கு ஒழுகாத இந்த ஒழுகல் அகப்படுவதேயில்லை. ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகு கதை தலைகீழ்: அங்கே அழுத்தம் இருக்கிறது, கசிவு இருந்தால் சொட்டும், தூசி ஒட்டி அடையாளம் காட்டும். சொட்டுகிற கசிவு டீசலைக் குடிக்கும். சொட்டாத கசிவு வண்டியையே நிறுத்தும்.

இதைக் கண்டுபிடிக்கச் சாலையோரத்தில் ஒரு சோதனை உண்டு. அதற்கு வேண்டியது ஒரு கேன், இரண்டு மீட்டர் கண்ணாடி ஹோஸ், சுத்தமான டீசல் ஐந்து லிட்டர். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஃபீட் பம்புக்கு நேராகக் கேனிலிருந்து ஹோஸைக் கொடுத்து, ஏர் எடுத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். அரை மணி நேரம் குறையில்லாமல் ஓடினால் பம்ப், நாசில் எல்லாம் நிரபராதி. குற்றவாளி டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிறான். கேனிலிருந்து ஓடினாலும் இழுவை இல்லையென்றால் ஃபீட் பம்ப், ஃபில்டர், அதன் பிறகே பெரிய பம்ப் என்று போகவேண்டும். ஹோஸ் கண்ணாடிபோல் இருப்பதால் குமிழ் ஓடினால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரு பம்பை இறக்கிப் பெஞ்சில் ஏற்றி கேலிபரேஷன் பார்க்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது.

இதைவிட எளிய ஒன்றையும் சொல்லவேண்டும். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன வழி இருக்கும். டீசல் குறையக் குறைய அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த வழி மண்ணால் அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஒரு மணி நேரம் நன்றாக ஓடி நிற்கும். டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தால், அதற்குள் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போயிருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். மறுபடி ஒரு மணி நேரத்தில் நிற்கும். செங்கல் தூசியிலும் சிமென்ட் லோடிலும் ஓடுகிற வண்டிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாயும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

இவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுக்கு ஏன் வெளிமாநிலத்தில் பம்பையே கழற்றி மாற்றுகிறார்கள்? எல்லாரும் சட்டென்று சொல்லும் பதில், “வெளியூர்க்காரன் ஏமாத்திட்டான்” என்பது. அது பாதி உண்மைகூட இல்லை.

சொந்த ஊரில் மெக்கானிக்குக்கு வண்டியைத் தெரியும். போன மாதம் ஃபில்டர் மாற்றியது அவர்தான். இன்று சரியாகப் பார்க்கவில்லை என்றால் நாளை வண்டி திரும்ப அவரிடமே வரும். அதனால் ஒரு வாஷரை மாற்றி, “ஓட்டிப் பாரு, நின்னா போன் போடு” என்று அனுப்பும் தைரியம் அவருக்கு உண்டு. நாக்பூருக்கு அப்பால் ஒரு டாபா ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் மிஸ்திரியின் நிலைமை வேறு. அவரிடம் வண்டி திரும்பி வராது. நூறு கிலோமீட்டர் போய் நின்றால் அவர் பெயர் கெடும், காசும் தகராறாகும். உறுதியாகச் சரியாகிவிடும் என்று அவர் நம்பக்கூடிய வழி, சந்தேகப்படும் சாமானை முழுதாக மாற்றுவதுதான். டிரைவருக்கும் அதுவே வேண்டியிருக்கிறது. லோடு நேரத்துக்குப் போகவேண்டும். தெரிந்த இந்தி, சாப்பாட்டுக்கும் செக்போஸ்ட்டுக்கும் போதும், டேங்க் மூடிக்கும் வாஷருக்கும் போதாது. ஒருவரையொருவர் இனிப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து, செலவு அதிகமான வழியை மனமொத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னொன்று கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பம்ப் மாற்றினால் பில் இருக்கும். டிரைவர் அதை முதலாளியிடம் நீட்டலாம். மூன்று மணி நேரம் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்து, ஒரு காப்பர் வாஷரைத் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, அது இளகிப் பதமானதும் திரும்ப மாட்டி வண்டியை ஓட்டிவிட்டால் அதற்கு ஏது பில்? அந்த மூன்று மணி நேரமும் முதலாளியின் கணக்கில் ‘வண்டி சும்மா நின்ற நேரம்’தான். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்காத தொழிலில் கண்டுபிடிக்கிற திறமை மெல்லத் தேய்ந்துபோவதில் வியப்பில்லை. இதற்கு வடநாட்டு மிஸ்திரியைத் திட்டுவதில் பயனில்லை. சங்ககிரியில் நின்ற பஞ்சாப் லாரிக்கும் இதே கதிதான்.

வெளியூர் என்பதால் டீசலும் வேறாகிறது. வழக்கமான பங்க் இல்லை; ராத்திரியில் கிடைத்த இடத்தில் போடவேண்டும். ரிக் வண்டிக்குக் காட்டுக்குள்ளேயே பேரலில் டீசல் வரும். அந்தப் பேரலில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு மானியம் இருந்த காலத்தில் அதற்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசம் ஒரு கள்ளத் தொழிலையே வளர்த்தது. கலப்படத்தைக் காட்டிக்கொடுக்க மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டார்கள். சாயத்தை நீக்கவும் ஆட்கள் கிளம்பினார்கள். மண்ணெண்ணெய் கலந்த டீசலிலும் வண்டி ஓடும், உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்கு மசகுத்தன்மை குறைவு. டீசலையே மசகாக நம்பியிருக்கும் அந்தச் சில மைக்ரான் இடைவெளி தேயத் தொடங்கும். கலப்படம் செய்தவர் ஒரு ஊரில் இருப்பார், பம்ப் போவது இன்னொரு மாநிலத்தில்.

இந்தக் கள்ளத் தொழிலில் புழங்கிய பணம் எவ்வளவு என்பதற்கு இரண்டு சாவுகள் சாட்சி. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்பட டீசல் விற்ற பங்க்கின் மேல் நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. கோலார் தங்கவயலில் வளர்ந்த பிள்ளை. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, கலப்படக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போன மாலேகாவ் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவனே உயிரோடு எரிக்கப்பட்டார். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து, “டீசல் சரியில்லப்பா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இவர்களும் இருக்கிறார்கள்.

குளிர் தேசத்தில் டீசல் வேறு வகையில் கைவிடும். டீசலில் கரைந்திருக்கும் மெழுகு, குளிர் ஏற ஏற வெளியே பிரிந்துவரும். முதலில் கலங்கலாகத் தெரியும், பிறகு துகளாகும். டேங்கில் உள்ள டீசல் இன்னும் ஊற்றக்கூடிய பதத்தில்தான் இருக்கும். ஆனால் ஃபில்டரின் நுண்துளைகளை மெழுகு அடைத்துவிடும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதும், சில நிமிடங்களில் நிற்பதும் அதனால்தான். ஃபில்டரைத் தாண்டி இருந்த டீசல் தீரும் வரை ஓடுகிறது, அவ்வளவே. தென்னாட்டில் டேங்க் நிரப்பிக்கொண்டு போன வண்டிக்கு இமயமலை அடிவாரத்தில் இது புதிய பாடம். லடாக்கில் பனிக்காலத்தில் டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பதும், டேங்குக்குக் கீழே தீ மூட்டிக் காட்டுவதும் நெடுநாள் வழக்கம். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை உறையாத பனிக்கால டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே மண்ணெண்ணெய் மன்மாட்டில் குற்றம், லடாக்கில் மருந்து!

தீ மூட்டும் வேலையை வெள்ளைக்காரர்களும் செய்திருக்கிறார்கள். 1964-இல் இங்கிலாந்திலிருந்து கய் (Guy) கம்பெனியின் வாரியர் லாரி ஒன்று காபூல் வரை சரக்கு ஏற்றிப் போனது. அந்தப் பயணத்திலிருந்து ஆஸ்ட்ரான் என்ற நிறுவனம் வளர்ந்தது. எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் கொழித்தபோது லண்டனிலிருந்து தெஹ்ரானுக்கும் தோகாவுக்கும் லாரிகள் வரிசையாகப் போயின. கிழக்குத் துருக்கியின் மலைப்பாதைகளில் குளிர்காலம் கடுமையானது. டீசல் உறைந்த டேங்குக்குக் கீழே எண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்திவைத்து, குழாய்களைச் சூடேற்றி, வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள் அந்த டிரைவர்கள். சுத்தமான டீசல் பெட்ரோலைப்போல் சட்டென்று பற்றாது என்ற தைரியத்தில் செய்த காரியம் அது. டேங்கில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் அந்தத் தைரியம் செல்லாது. யாரும் செய்து பார்க்கவேண்டாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி பழைய வண்டிகளைப் பற்றியது. இப்போது கதை மாறிவிட்டது.

பழைய பம்ப் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்தது: அழுத்தமும் கொடுத்தது, எந்த சிலிண்டருக்கு எப்போது என்றும் தீர்மானித்தது. காமன் ரெயில் முறையில் அந்த இரண்டும் பிரிந்தன. உயர் அழுத்த பம்ப் ஒரு குழாயில் டீசலை நிரப்பி வைத்திருக்கும். எப்போது, எவ்வளவு என்பதை ஒரு கணினி மின்சாரத்தால் தீர்மானிக்கும். 1995-இல் ஜப்பானில் ஹினோ லாரியில் டென்சோ நிறுவனம் இதை முதலில் பொருத்தியது. பழைய நாசிலுக்கு 200 மடங்கு என்றோமே, இங்கே அழுத்தம் 1,600, 2,000 மடங்கைத் தாண்டும். புகையும் சத்தமும் குறைந்தன, மைலேஜ் கூடியது. இந்தியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இந்த மாற்றத்தை வேகப்படுத்தின. 2017 மார்ச் 29 அன்று, பாரத் ஸ்டேஜ் 3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஸ்டேஜ் 5-ஐத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1 முதல் ஸ்டேஜ் 6 வந்தது. டீசலில் இருந்த கந்தகம் பத்து லட்சத்துக்கு 350 பங்கிலிருந்து 50-க்கும், பிறகு 10-க்கும் இறங்கியது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான மசகுத்தன்மையும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட வேறு பொருள் சேர்க்கிறார்கள்.

பழைய கைவழக்கம் சில இங்கே ஆபத்து. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடுகிற வண்டியில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சத்தம் கேட்பது பழைய மெக்கானிக்கின் வித்தை. காமன் ரெயிலில் அதைச் செய்தால் பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும், சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடலாம். கசிவைக் கையால் தடவிப் பார்க்கக்கூடாது. அட்டையை நீட்டிப் பார்க்கவேண்டும். புது ஃபில்டருக்குள் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவதும் அப்படித்தான். அன்று அது நல்ல பழக்கம். இன்று வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். கைப்பிடியை அடித்தே நிரப்பவேண்டும்.

அதற்காகக் காமன் ரெயில் வண்டியில் டிரைவருக்கு வேலையே இல்லை என்று சொல்வது கம்பெனிக்காரர்களுக்குச் சௌகரியமான பேச்சு. டேங்க் முதல் உயர் அழுத்த பம்ப் வரை உள்ள வழி ஏறக்குறைய பழைய வழிதான். அதே மூடி, அதே ஹோஸ், அதே ஃபில்டர். ஸ்டார்ட் ஆகவேண்டுமானால் ரெயிலில் குறைந்தது 200 மடங்கு அழுத்தமாவது ஏறவேண்டும்; ஏறாதவரை கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைந்தால் அழுத்தம் ஏறாது. கணினி காட்டும் கோட் ‘ரெயில் அழுத்தம் குறைவு’ என்று மட்டும்தான் சொல்லும்; காரணம் கோடி ரூபாய் கம்பெனி செய்த பம்பா, நாலு ரூபாய் வாஷரா என்று சொல்லாது. கோட் எண்ணைப் பார்த்து நேராகப் பம்பை மாற்றுகிறவர், முன்பு சத்தத்தைக் கேட்டுப் பம்பை மாற்றியவரின் வாரிசு. இன்ஜெக்டர் தேய்ந்து டீசல் திரும்பி ஓடுகிறதா என்பதையும் ஓரளவு சாலையோரத்திலேயே பார்க்கலாம்: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சின்ன பாட்டிலை மாட்டிச் செல்ஃப் அடித்தால், எந்த பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைகிறதோ அதுதான் ஆள்.

தண்ணீர்தான் இந்த வண்டிகளுக்குப் பெரிய எதிரி. டேங்குக்குள் ராத்திரிக் குளிரில் வியர்க்கும் நீர், மழையில் திறந்த மூடி, பங்க்கின் நிலத்தடித் தொட்டி என்று எங்கிருந்து வந்தாலும் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்புச் சேறு படியும். தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தினமும் கொஞ்சம் வடிப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. டேஷ்போர்டில் அதற்கென்றே விளக்கும் இருக்கிறது. அந்த விளக்கைப் பார்க்காமல் ஓட்டி, துரு பிடித்த பம்புக்குள்ளிருந்து உலோகத்தூள் கிளம்பிவிட்டால், பம்ப் மட்டுமல்ல, ரெயில், இன்ஜெக்டர், குழாய் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டிகளில் ஒருவகை உயர் அழுத்த பம்ப் இப்படி உடைந்து முழு அமைப்பையும் கெடுத்ததாக வழக்குகளே நடந்திருக்கின்றன.

ஸ்டேஜ் 4-இலேயே பல லாரிகளில் இரண்டாவது டேங்க் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதில் 32.5 சதவீத யூரியாக் கரைசல். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க அது வேண்டும். தீர்ந்தால் கணினி வண்டியின் இழுவையைக் குறைத்துவிடும். டீசல் இருக்கிறது, என்ஜின் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். 2017-இல் அசோக் லேலண்ட் ஸ்டேஜ் 4-க்கு யூரியாவே வேண்டாத ஐ.இ.ஜி.ஆர் முறையைக் கொண்டுவந்து, பராமரிப்பு எளிது என்று சொல்லி விற்றது. தூரம் போகிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்டேஜ் 6 அந்தச் சலுகையை விட்டுவைக்கவில்லை. 2021-இல் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது தென்கொரிய லாரிகள் நிற்கும் நிலை வந்து, அந்த அரசு ராணுவ விமானத்தை அனுப்பி ஆஸ்திரேலியாவிலிருந்து 27,000 லிட்டர் கரைசலை ஏற்றிவந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்தக் கரைசல் தீர்ந்தாலோ கோளாறானாலோ வண்டி திடீரென்று இழுவை இழக்காதபடி மென்பொருளை மாற்றச் சொல்லி உற்பத்தியாளர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. காற்றைக் காப்பதும் வேண்டும். ஆனால் மலைச்சாலையில் லோடோடு நிற்கிற மனிதனையும் அந்த மென்பொருள் எழுதுகிறவர் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். அந்த யோசனை வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இந்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ தளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவி, செல்போன் முதலான மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். நல்ல தொடக்கம்தான். ஆனால் லாரிக்காரருக்கு வேண்டியது கையேடு மட்டுமல்ல. கோட் படிக்கும் கருவி, அதற்கான மென்பொருள் அனுமதி, இவை கம்பெனி டீலர் இல்லாத இடத்திலும் நியாயமான விலைக்குக் கிடைக்கவேண்டும். இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவில் இருநூறு கிலோமீட்டருக்கு டீலரே இல்லாத சாலைகள் இந்த நாட்டில் ஏராளம். அங்கேயெல்லாம் வண்டியை மீட்பது டாபா ஓரத்துப் பட்டறைதான். அந்தப் பட்டறைக்குக் கருவியைக் கொடுக்காமல், டிரைவருக்குப் பயிற்சியும் கொடுக்காமல், வண்டியை மட்டும் நவீனமாக்கினால் கட்டி இழுக்கும் வண்டிக்காரருக்கு மட்டுமே லாபம்.

இதற்கிடையில் தொழிலே தனக்கு ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி எங்கே நின்றாலும் ஊர் மெக்கானிக்குக்கு வீடியோ கால் போகிறது. போனை என்ஜின் பக்கத்தில் பிடிக்கிறார்கள், புகையின் நிறத்தைக் காட்டுகிறார்கள், கைப்பிடியை அடிக்கும்போது விறைப்பாக இருக்கிறதா தொளதொளவென்று இருக்கிறதா என்று சொல்கிறார்கள். மிஸ்திரியிடம் போனைக் கொடுத்தால் ஒரு இந்தி தெரிந்த ஆளை வைத்து ஊர்க்காரர் பேசுகிறார். இரண்டு மெக்கானிக்குகளுக்கு நடுவில் பாஷை பெரிய தடையாக இருப்பதில்லை. முதலாளியும் அந்தக் காலில் இருந்தால், மூன்று மணி நேரத் தேடல் வண்டி சும்மா நின்ற நேரமாக எழுதப்படாது. அனுபவமுள்ள மெக்கானிக் கோட் என்ன என்று கடைசியில்தான் கேட்பார். “ஃபில்டர் மாத்தி எத்தனை நாளாச்சு?” என்பது அதற்கு முந்தைய கேள்வி. எல்லாவற்றுக்கும் முதலில் அவர் கேட்பது, “கடைசியா எங்கப்பா டீசல் போட்டே?”